இரவல் காக்கி

"பேண்ட்டை நான் போட மாட்டேங்க்கா" என்றாள் பாக்கியம்.

நாங்கள் இருவரும் தானாவின் மால்கானாவில் நின்றுகொண்டிருந்தோம். தில்லியில் போலீஸ் ஸ்டேஷனைத் தானா என்பார்கள். பிடிபட்ட பொருள்களைப் போட்டுப் பூட்டுகிற அறை மால்கானா. பெண்கள் உடை மாற்ற எங்கள் தானாவில் வேறு இடம் இல்லை. கணக்குப்படி அங்கே பெண்களே இல்லாதபோது இடம் எதற்கு?

சுற்றிலும் திருட்டு சைக்கிள்கள், டயர்கள், ஒரு ஆட்டுக்கல். ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து எவனோ அதைத் தூக்கிக்கொண்டு போய், பாதி வழியில் கனம் தாங்காமல் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். சொந்தக்காரர்கள் கேட்டு வரவேயில்லை. அதற்குள் மிக்ஸி வாங்கியிருப்பார்கள்.

"எல்லாரும் பாப்பாங்களே, வெக்கமா இருக்குது" என்றாள்.

"உன்னைப் பார்க்க மாட்டார்கள், காக்கியைத்தான் பார்ப்பார்கள்" என்று சொல்லிப் பேண்ட்டைக் கையில் திணித்தேன். திரும்பிப் பார்த்தபோது உள்பாவாடையைக் கழற்றாமல் அதன் மேலேயே பேண்ட்டை ஏற்றியிருந்தாள். இடுப்பைச் சுற்றித் தலையணை கட்டியது போல் இருந்தது. ஆள் பற்றாக்குறை நேரத்தில் ஒருத்தி இரண்டு பேர் அகலத்துக்குத் தெரிந்தால் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காக்கி என்னுடைய பழைய செட். அவள் என்னைவிட நல்ல உயரம். பேண்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. பெல்ட்டை மாட்டித் தொப்பியை வைத்ததும், கண்ணாடி இல்லாத குறைக்கு, ஒரு திருட்டு ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியில் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள்.

பாக்கியம் போலீஸ் இல்லை. ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு ஜுக்கியில், அதாவது குடிசையில், குடியிருந்தாள். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது வேலை. ஊர் விழுப்புரம் பக்கம். அன்று சாயங்காலம் தீபாவளிக் கூட்டத்தில் அவள் லேடி கான்ஸ்டபிளாக நிற்கப் போகிறாள். இது எப்படி நடந்தது என்று சொல்ல, கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

லேடி பேஜோ

தில்லியில் மேம்பாலங்கள் முளைக்கத் தொடங்கிய வருஷங்கள் அவை. பஸ்ஸில் போய்ப் பழகிய வழியில் நான்கு மாதம் கழித்துப் போனால், பழைய இடம் அடையாளம் தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலனி காலனியாக ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் வளர்ந்தது. தானாவில் எழுதிப் போட்டிருந்த ஆள் கணக்கு மட்டும், சின்ன வயதில் தைத்த சட்டையாக அப்படியே நின்றது.

ஆண்கள் பாடே திண்டாட்டம். ஒரு கான்ஸ்டபிளுக்கு மூன்று இடத்தில் டியூட்டி எழுதுவார்கள். எங்கள் தானாவில் ஒருவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காய்க்கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, லத்தியை அதில் கட்டி வைத்துவிடுவார். சைக்கிள் அங்கே டியூட்டி பார்க்கும். அவர் இன்னொரு இடத்தில் பார்ப்பார். சைக்கிள் இருக்கிறவரை கடைக்காரர்களுக்கும் தைரியம், ஜேப்படிக்காரர்களுக்கும் பயம். சைக்கிளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை என்பதுதான் குறை.

பெண் போலீஸ் கதை இன்னும் மோசம். அந்த வட்டாரத்துத் தானாக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் ஒருத்தி. பெண்ணைச் சோதனை போட வேண்டுமா, கோர்ட்டுக்குக் கூட்டிப் போக வேண்டுமா, ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார வேண்டுமா, தொலைந்த குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுக்க வேண்டுமா, உடனே போன் வரும். "லேடி பேஜோ." லேடியை அனுப்பு. என் பேர் யாருக்கும் தெரியாது. முகம் தெரிந்தவர்கள் 'மத்ராஸன்' என்பார்கள், மதராஸ்காரி என்று அர்த்தம். உத்தியோக வாழ்க்கையின் முதல் பாதியை நான் தானாக்களில் கழித்ததைவிட பஸ் ஸ்டாப்புகளில் கழித்ததுதான் அதிகம்.

சம்பளத்தைப் பற்றி அப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவர் மத்திய சர்க்கார் ஆபீஸில் கிளார்க். கரோல் பாக்கில் மாடி போர்ஷன், வாடகை. "கால் காசு உத்தியோகம்னாலும் கவர்மென்ட் உத்தியோகம்னு சொல்லுவாங்க. எங்க ஆபீஸ் பியூனே உன்னைவிட ஜாஸ்தி வாங்குறான். நீ வாங்குறதைக் கால் காசுன்னு சொல்றதுக்கே தாராள மனசு வேணும்" என்றார். அதைச் சொல்லிவிட்டு, முதல் தேதி நான் கொடுத்ததை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

எனக்காவது வீடு இருந்தது. ஆண்கள் பாரக்கில் ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்தார்கள். ஒருவர் எழுந்து போனால் அந்தச் சூட்டிலேயே அடுத்தவர் படுப்பார். ஹரியானாக்காரர்களுக்கு ஊரிலிருந்து நெய்யும் மாவும் வரும். மாசக் கடைசி அதில் ஓடும். குடும்பத்தோடு இருக்க குவார்ட்டர் கிடைப்பதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்துவிடும். ஆனாலும் அந்த குவார்ட்டர் ஆசையில்தான் பாதிப் பேர் காக்கியைக் கழற்றாமல் இருந்தார்கள்.

முக்காடு போட்ட போலீஸ்

எங்கள் இன்ஸ்பெக்டர் சௌத்ரி சாகிப் கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்கள் 'லேடீஸ் எத்தனை?' என்று கேட்பார்கள். ஒன்று என்று சொல்ல அவருக்கு வெட்கம். அதனால் கூட்டம் அதிகமான நாள்களில் போலீஸ் லைனில் இருந்த கான்ஸ்டபிள்களின் மனைவிகளுக்குக் காக்கி மாட்டி, ஓரமாக நிறுத்தலாம் என்று முடிவு செய்தார். சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு. கேள்வி கேட்டால் என் பக்கம் கை காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் நாளே காரியம் கெட்டது. ஹரியானா மருமகள்கள் புருஷனின் அண்ணனைக் கண்டாலே முகத்தை மூடுவார்கள். லைனில் பாதிப் பேர் உறவுக்காரர்கள். ஒருத்தி ஜம்மென்று தொப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். எதிரே அவளுடைய மூத்த மைத்துனர் ஹெட் கான்ஸ்டபிளாக மிடுக்காக வந்தார். அவள் பையிலிருந்த துப்பட்டாவை இழுத்துத் தொப்பிக்கு மேலேயே முக்காடு போட்டுக்கொண்டு திரும்பி நின்றுவிட்டாள். பெரிய அதிகாரி ஜீப்பில் அப்போதுதான் வந்து இறங்கினார்.

மறுநாள் சௌத்ரி சாகிப் என்னைக் கூப்பிட்டார். "மத்ராஸில் பெண்கள் முக்காடு போடுவதில்லையே?"

"இல்லை, சாகிப்."

"அந்த நெட்டைப் பெண்ணைக் கூட்டி வா."

நெட்டைப் பெண் பாக்கியம். அதற்குச் சில மாதம் முன்பு அவளைத் தானாவில் உட்கார வைத்திருந்தார்கள். வேலை செய்த வீட்டில் சங்கிலி காணோம் என்று புகார். சோதனை போட லேடி வேண்டும். நானோ வேறு தானாவில் மாட்டிக்கொண்டேன். காலையில் வந்தவள், நான் போய்ச் சேரும்வரை பெஞ்சிலேயே இருந்தாள். அழவில்லை. டியூட்டி எழுதுகிற ஹெட் கான்ஸ்டபிள் முன்ஷிஜியிடம், "உட்கார வைத்தால் டீயாவது கொடுக்க வேண்டாமா, அண்ணா?" என்று தன்னுடைய ஹிந்தியில் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறாள். அவளிடம் ஒன்றும் இல்லை. சங்கிலி அந்த வீட்டம்மாவின் தங்கையிடம் இருந்தது.

வெளியே வரும்போது என்னிடம், "என்னாக்கா, ஊருக்கே நீ ஒருத்திதானா? நீ வர்றதுக்குள்ள எனக்கு ரெண்டு வூட்டு வேல பூடிச்சு" என்றாள். எனக்குச் சம வயது. இருந்தாலும் காக்கிக்கு மரியாதையாக அக்கா என்று கூப்பிட்டாள். அப்படித்தான் பழக்கம்.

கொழாய் உள்ளேயா?

தீபாவளிச் சாயங்காலத்துக்குத் திரும்பி வருகிறேன். சரோஜினி நகரில் துணிக்கடைச் சந்தின் வாயில் அவளை நிறுத்தினேன். சும்மா நின்றால் போதும் என்று மூன்று தரம் சொன்னேன். கொஞ்ச நேரம்தான் சும்மா நின்றாள். அப்புறம் குரல் எழும்பியது. "ஏ பெஹன்ஜி, லைன்மே! பர்ஸை உள்ள வை!" குழாயடியில் பயின்ற குரல். ஒரு வீட்டம்மா, அவள் தினமும் பாத்திரம் தேய்க்கிற வீட்டம்மாவேதான், எதிரே வந்து, "ஜி, கொஞ்சம் வழி விடச் சொல்லுங்கள்" என்று கும்பிட்டுக் கேட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கியம் வழி விடச் சொன்னாள்.

அந்தத் தீபாவளிக்கு அந்தச் சந்தில் பர்ஸ் தொலைந்ததாக ஒரு புகாரும் வரவில்லை. சௌத்ரி சாகிப்புக்கு ஏக சந்தோஷம். "லேடீஸ் போஸ்ட் புதிதாக வரப் போகிறது. உன் பேரைக் கொடுக்கிறேன். வேலை, அப்புறம் குவார்ட்டர், எல்லாம் கிடைக்கும்" என்றார். அவர் எல்லோரிடமும் இப்படிப் பேசுவார். சொல்லும்போது மனசாரத்தான் சொல்வார்.

பஸ் ஸ்டாப்பில் பாக்கியம் கேட்டாள். "குவாட்டர்னா செங்கல் செவுராக்கா?"

"செங்கல்தான்."

"கொழா?"

"உள்ளேயே."

"உள்ளயா?" என்றாள். பிறகு, "அப்ப சண்டையே வராதே" என்றாள்.

எட்டாவது படித்த சர்டிபிகேட் கேட்பார்கள் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவள் ஐந்தாவது. "பெரிய சாகிப்பே சொல்றாரு, நீ என்னாக்கா குறுக்கால" என்று என் வாயை அடைத்தாள். நான் பொறாமையில் சொல்வதாகக்கூட நினைத்திருக்கலாம்.

அதன் பிறகு கண்காட்சி, மந்திரி கூட்டம், கோயில் திருவிழா என்று கூப்பிட்ட போதெல்லாம் வந்தாள். வேலை செய்த வீடுகளில் ஒன்று போனது. "காக்கி கெடச்சா வூட்டு வேல எதுக்கு" என்றாள். ஒவ்வொரு தடவையும் உடுப்பைத் துவைத்து, சொம்பில் கரி நெருப்புப் போட்டுத் தேய்த்து, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து தருவாள். நான் போட்டிருந்த காக்கியைவிட அது பளிச்சென்று இருக்கும். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

லாரி திரும்பிய இடம்

குளிர் விட்டுக்கொண்டிருந்த ஒரு காலை. முன்ஷிஜி வழக்கம்போல் அவளுக்கு ஆள் அனுப்பினார். குடிசை அகற்றும் டியூட்டி. எந்த இடம் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் செய்தி கசிந்து ஜனம் கூடிவிடும். லாரி கிளம்பிய பிறகுதான் டிரைவருக்கே தெரியும். பாக்கியம் எங்கே குடியிருக்கிறாள் என்று சௌத்ரி சாகிப் கேட்டதில்லை. அவளைக் கூப்பிடப் போகும் கான்ஸ்டபிளுக்குத்தான் வீடு தெரியும். அவர் அன்று அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேறு டியூட்டிக்குப் போய்விட்டார்.

லாரி பாதி கட்டியிருந்த மேம்பாலத்தைத் தாண்டி ரயில்வே கேட்டில் திரும்பியது. பாக்கியம் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, இது எங்க பேட்ட."

லாரி நின்றதும் குதித்து இறங்கி சௌத்ரி சாகிப்பிடம் ஓடினேன். இவள் வீடே இங்கேதான் இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்றேன். அவர் அவளைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இரண்டு லேடி என்று மேலே சொல்லியிருக்கிறேனே" என்றார். பிறகு அவளிடமே பேசினார். "மகளே, நீ நின்றாலும் போனாலும் இன்று இடிப்பார்கள். அது என் கையில் இல்லை. உன் பேரை மேலே அனுப்பியிருக்கிறேன். நீயே முடிவு செய்."

அவள் தெருவைப் பார்த்தாள். புருஷன் ஃபரிதாபாத்தில் சென்ட்ரிங் வேலை, சனிக்கிழமைதான் வருவான். தொப்பியைச் சரி செய்துகொண்டு இறங்கினாள்.

குழாயடியில் நின்ற பெண்கள் முதலில் காக்கியைத்தான் பார்த்தார்கள். அப்புறம் முகத்தை. முனியம்மா என்று ஒருத்தி குடத்தைக் கீழே வைத்தாள். "அடியே, நீ போலீசா?" போலீஸ் என்று சொன்னால் பொய், இல்லையென்று சொன்னால் உடம்பில் இருப்பதே பொய். "சாமானை எடுங்கடி மொதல்ல. ஜல்தி" என்று மட்டும் சொன்னாள் பாக்கியம்.

கடப்பாரை ஆட்கள் முதல் குடிசைக்கு வந்தார்கள். பாக்கியம் சந்தின் வாயில் போய் நின்று லத்தியைக் குறுக்கே பிடித்தாள். "ருக்கோ. அந்தர் லேடீஸ் ஹை." உள்ளே பெண்கள் இருக்கிறார்கள், நில்லுங்கள் என்கிறாள். பெண்கள் உள்ளே இருக்கும்போது லேடி போலீஸ் 'ஆச்சு' என்று சொல்லாமல் ஆட்கள் நுழையக்கூடாது என்பது வழக்கம். அதை நான்தான் அவளுக்கு ஒரு நாள் பஸ்ஸில் கதையாகச் சொன்னேன். இடிக்கிற ஆட்களைக் கூட்டி வந்த கார்ப்பரேஷன் ஆபீசர், பாபு என்பார்கள், கத்தினார். என்னைப் பார்த்து, "சரியா இது?" என்றார். "அந்தர் லேடீஸ் ஹைன், சாகிப்" என்று நானும் சொன்னேன். சௌத்ரி சாகிப் முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்ற வைத்தார்.

பிறகு அந்தத் தெரு தன்னைத்தானே பிரித்துக்கொண்டது. தகரம், மூங்கில், கதவு, ஸ்டவ், கோழி, தையல் மிஷின் எல்லாம் வெளியே வந்தன. முழுசாகக் கழற்றின மூங்கிலை வேறு இடத்தில் நட்டால் மறுபடி வீடு. கடப்பாரை பட்ட மூங்கில் விறகுக்குத்தான் ஆகும். அதனால் ஒவ்வொரு நிமிஷமும் அவர்களுக்கு ஒரு சுவர். பாக்கியம் அசையாமல் நின்றாள்.

நான் கிட்டே போய், "நான் நிற்கிறேன். நீ போய் உன் வீட்டைக் காலி பண்ணு" என்றேன்.

கண்ணை ஆட்கள் மேலிருந்து எடுக்காமலே சொன்னாள். "நீ குள்ளம்க்கா. ஒன்னத் தாண்டிப் பூடுவானுங்க."

எந்த வீடு என்று கேட்பதற்குள் தெருவின் அந்தக் கோடியில் சண்டை. ஒருத்தி தலையை விரித்துப்போட்டுத் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். "லேடி, லேடி" என்று கூப்பிட்டார்கள். போனேன். அவளைச் சமாதானப்படுத்தி அழைத்து வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பாபுவின் பொறுமையும் போய்விட்டது. ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

தெருவில் மிஞ்சியது மண் தரைகளும் அடுப்புக் கரியும்தான். நடுவில் ஒரே ஒரு குடிசை மட்டும் கூரையோடு, பூட்டோடு, முழுசாக நின்றது.

"இது யாருடையது?" என்றேன்.

முனியம்மா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். "பாக்கியத்துதுதான். போலீஸ்காரி வூட்ட அவங்க ஆளுங்களே இடிப்பாங்களா? அதான் நாங்க யாரும் கை வெக்கல" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தாள். தன் சாமானில் பாதியைக்கூட பத்திரமாக இருக்கட்டும் என்று அந்தக் குடிசைச் சுவரோரம் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

நான் கை தூக்குவதற்குள் கயிறு போட்டு நடுக்கம்பத்தை இழுத்துவிட்டார்கள். கூரை உட்கார்ந்தது. அலுமினியப் பானைகள் நசுங்கும் சத்தம் கேட்டது. பாக்கியம் சந்தின் வாயிலிருந்து திரும்பிப் பார்த்தாள். ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள்.

காக்கியோடு குனிந்து, தகரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். நானும் முனியம்மாவும் சேர்ந்து பெட்டியை இழுத்தோம். மூடி வளைந்து திறக்கவில்லை. எனக்கு யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. பாபு, கடப்பாரைக்காரன், சாகிப் என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லோரும் அவரவர் சம்பளத்துக்கு வேலை செய்தவர்களாகத்தான் தெரிந்தார்கள். என் கை என்னிடமே நின்றது.

"ஷாபாஷ், ஒருத்தரும் நம் மேல் ஒரு கல்கூட வீசவில்லை" என்றார் சௌத்ரி சாகிப். பிறகு அவள் எதைக் கிளறிக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்துவிட்டு, ஜீப்புக்குப் போய்விட்டார்.

தானாவுக்கு வந்து மால்கானாவில் புடவை மாற்றிக்கொண்டாள். உடுப்பை மடித்து என்னிடம் நீட்டினாள். முழங்காலில் மண்.

"தொவச்சிக் குடுக்க எடமில்லக்கா."

எங்கே போவாய் என்று கேட்டேன். ஆற்றுக்கு அந்தாண்ட ஏதோ இடம் சொல்கிறார்கள், ரேஷன் அட்டை வைத்திருக்கிறவர்களுக்குத்தானாம் என்றாள். கரோல் பாக்குக்கு வா, நாலு நாள் எங்கள் வீட்டில் இரு என்றேன். புருஷன் சனிக்கிழமை வந்தால் தேடுவான், அங்கேயே நிற்க வேண்டும் என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி, "பேரு அனுப்பிட்டேன்னாரே, நெசந்தானே?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது.

அடுத்த தீபாவளி

வெயில் காலத்துக்கு முன்பே சௌத்ரி சாகிப்புக்கு மாற்றல் வந்தது. முன்ஷிஜியும் போனார். லேடீஸ் போஸ்ட் வந்தது, எட்டாவது சர்டிபிகேட்டோடு. சம்பளத்தைக் கேட்டதும் வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். மிச்சம் இருந்தவர்களை வேறு வட்டாரங்கள் பிடுங்கிக்கொண்டன. நாங்கள் பழைய கணக்கிலேயே நின்றோம்.

தீபாவளி வந்தது. லேடி போதவில்லை. பழைய முன்ஷி புது முன்ஷியிடம் சார்ஜ் கொடுக்கும்போது, சாவிக்கொத்தோடு சேர்த்து இதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: ஆள் குறைந்தால் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு நெட்டை மத்ராஸன் இருக்கிறாள், நல்ல குரல், கூப்பிட்டுக்கொள். புதிதாக வந்த ஒரு கான்ஸ்டபிளைச் சைக்கிளில் அனுப்பினார். நான் கோர்ட் டியூட்டி முடிந்து தானாவுக்குள் நுழையும்போதுதான் அந்த ஆள் வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தான்.

"அங்கே வீடே இல்லை, ஜி" என்றான். "ரோடுதான் இருக்கிறது."

புது முன்ஷி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வேறு யாராவது மத்ராஸன் தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன். தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அந்தச் சாயங்காலம் சந்தின் வாயில் நான் ஒருத்திதான் நின்றேன்.